பூசைத் தட்டில் வைத்த சுவிட்ச்

எனக்குப் பயம் பிறவிக் குணம். பல்லி விழுந்தால் பயம், தந்தி வந்தால் பயம், பக்கத்து வீட்டில் குக்கர் கூவினால்கூடப் பயம். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில், ஒரு நாள் காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் நான் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேனாம். இதை என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஒரு பழைய விமானத்தைப் பார்க்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவர். படைக்கு வண்டி செய்யும் தொழிற்சாலையில் டீசல் இஞ்சின் ஃபிட்டர். வாரம் முழுக்க இஞ்சினோடு மல்லுக்கட்டிவிட்டு, கிடைக்கிற ஒரு நாளும் இஞ்சினா என்று கேட்டால், "அது வேலைமே. இது ஆசை" என்பார். எண்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை.

விமானம் ஆவடியை அடுத்த சேக்காட்டைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது. போர்க்காலத்தில் பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த சின்ன ரகம். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை. உள்ளே மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. மூக்கில் ஆளுயரத்துக்கு மரத்தாலான விசிறி. யாரோ ஒரு தனியார் தொழிற்பயிற்சிப் பள்ளி நடத்தியவர் பாடத்துக்காக வாங்கிப் போட்டு, பள்ளியை மூடியபோது அப்படியே விட்டுவிட்டார். கோழி அடைகாக்கிற இடமாகக் கிடந்ததை என் வீட்டுக்காரரும் அவருடைய கூட்டாளிகள் நாலைந்து பேரும் பள்ளிக்காரரிடம் கேட்டு வாங்கிப் பராமரிக்க ஆரம்பித்தார்கள். பறக்கவிடுவதெல்லாம் நடக்காத காரியம் என்று அவர்களுக்கே தெரியும். இஞ்சின் ஓடினால் போதும், அந்தக் காலத்து விமானத்தைப் பார்த்தவர்கள் சொல்வதையெல்லாம் சேர்த்துவைத்தால் போதும், இவ்வளவுதான் அவர்கள் ஆசை.

சேர்த்துவைக்கிற வேலைக்குத்தான் நான் போய் மாட்டினேன். என் தம்பி சவூதியிலிருந்து எனக்கு ஒரு டேப்ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தான். அதை இரவல் கேட்டார்கள். கிரீஸ் கையோடு அதைத் தொடவிட நான் என்ன பைத்தியமா? "ரெக்கார்டர் வந்தா நானும் வருவேன்" என்று சொல்லிவிட்டேன்.

விமானம் எனக்குப் பிடிக்கவில்லை. பேச்சு பிடித்துப்போனது. திருநின்றவூர், வேப்பம்பட்டு என்று ரயிலேறிப் போய், வயதானவர்கள் முன்னால் ரெக்கார்டரை வைத்து உட்காருவேன். சப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்துச் சனம் மூட்டை முடிச்சோடு மாட்டு வண்டியில் வந்து இறங்கியதைச் சொல்வார்கள். வேப்பம்பட்டு அம்மா ஒருவர், வானத்தில் சத்தம் கேட்டால் தன் அம்மா பிள்ளைகளையெல்லாம் நெல் குதிருக்குப் பின்னால் தள்ளிவிட்டு, தான் மட்டும் வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பார் என்று சொன்னார். "பாக்காம இருக்கவும் முடியாதுல்ல" என்றார். எனக்கு என் கட்சிக்காரர்களைக் கண்டுபிடித்த சந்தோஷம். ஊரில் நான் ஒருத்திதான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருந்தேனே!

பூந்தமல்லியில் ஒரு பாய் இருந்தார். தையல் கடை வைத்திருந்தவர், அப்போது மகன் கையில் கடையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். வாலிப வயதில் போர்க்கால விமானத் திடல் ஒன்றில் இறக்கைத் துணி தைத்தவர். நூலை மெழுகில் உருவித் தைப்பது, கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடுவது என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தவரிடம், "எங்க விமானத்தை ஒரு தடவை வந்து பாருங்களேன் பாய்" என்றேன். முகம் மாறிவிட்டது.

"வேணாம்மா. துணி தைக்கச் சொல்லு, இங்க கொண்டாந்து குடு, தைச்சுத் தர்றேன். அதுங்கிட்ட வரமாட்டேன்."

ஏன் என்று கேட்டதற்கு மெதுவாகத்தான் சொன்னார்.

"எங்கூட இன்னொரு தையக்காரப் பையன் இருந்தான். கல்யாணம் பேசி முடிச்சிருந்துச்சு. அன்னிக்கு இஞ்சினை அணைச்சு நிறுத்தியிருந்தாங்க. இவன் முன்னாடி நின்னு இறக்கையில கிழிசல் பாத்துக்கிட்டிருந்தான். விசிறிக் கட்டை வழியில இருந்துச்சு. கையால ஒதுக்கினான்மா. நாம கதவை ஒதுக்குவோமே, அவ்வளவுதான். அது ஓடிருச்சு."

"அணைச்சிருந்ததுன்னு சொன்னீங்களே?"

"அணைச்சுதான் இருந்துச்சு. அப்புறம் வெள்ளைக்கார துரை வந்து உள்ளாற பாத்தான். சுவிட்சுக்குப் போற கம்பி அறுந்து தொங்கிக்கிட்டிருந்துச்சு. அதைக் கையில தூக்கிப் புடிச்சு எல்லாருக்கும் காமிச்சு என்னமோ சொன்னான். எனக்கு இங்கிலீசு புரியல. அந்தக் கம்பி மட்டும் இன்னும் கண்ணுல நிக்குது."

பையன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து டீ வந்தது, இரண்டு பேரும் ஆறவிட்டுக் குடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் டேப்பைப் போட்டுக் காட்டினேன். கூட்டாளிகளும் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் முழுக்கக் கேட்டார், அந்தப் பையனுக்காக உச்சுக்கொட்டினார், பிறகு தலையை ஆட்டினார்.

"சுவிட்சை ஆஃப் பண்ணாம வுட்டுருப்பானுங்க. கம்பி அறுந்தா எப்டிமே ஓடும்? ஊட்ல வயரு அறுந்துச்சுன்னா லைட்டு எரியுமா, அணையுமா?"

"அணையும்."

"அதான். பெரியவருக்கு வயசாச்சு, பாவம், மாத்திச் சொல்றாரு."

கூட்டாளிகள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. லைட் அணையத்தானே செய்யும்! ஆனால் புத்திக்குப் புரிந்தது வயிற்றுக்குப் புரிய வேண்டுமே. அன்றிலிருந்து அந்த விசிறிமேல் ஒரு கண் வைத்துக்கொண்டேதான் இருப்பேன். கொட்டகைக்குப் போனதும் முதல் வேலையாக, விமானத்தின் மூக்குக்கு முன்னால் கோலப்பொடியால் ஒரு கோடு போடுவேன். கோட்டைத் தாண்டுகிறவர் யாராக இருந்தாலும், சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று ஒரு ஆள் ஏறிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தாண்ட வேண்டும்.

"இன்னாமே, பார்டரா? பாஸ்போர்ட்டு காட்டணுமா?" என்று கேலி செய்வார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பார் கூட்டாளி ஒருவர். நான் கோட்டை இன்னும் தடிமனாக இழுப்பேன். எங்கள் பாப்பா அப்போது முதல் வகுப்பு. அவளுக்குக் கோட்டுக்கு இந்தப்பக்கம்தான் விளையாட்டு.

இஞ்சினை ஓட வைத்தவர் வேறொருவர். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர், அம்பத்தூரில் மகள் வீட்டில் இருந்தார். சில மாதம் ஞாயிறு தவறாமல் வந்து, பிரித்து மாட்டி, ஒரு நாள் ஓட்டிக் காட்டினார். ஒருவர் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைப் போட, இன்னொருவர் விசிறியைக் கையால் இழுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். முதல் முறை அது பிடித்து ஓடியபோது கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. ஆண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் அழுதேவிட்டார். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிணற்றடி வரைக்கும் ஓடிவிட்டேன். கொஞ்ச நாளில் மகளுக்கு மாற்றலாகி, அந்த மெக்கானிக் கோயம்புத்தூர் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

அந்த வருஷம் ஆயுத பூஜையைக் கொட்டகையிலேயே செய்வது என்று முடிவானது. குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். காலையில் எல்லோருக்கும் காட்டுவதற்காக இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டினார்கள். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். சுவிட்சை ஆஃப் செய்ததும் நின்றது. பிறகு வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் கட்டி, விமானத்துக்கு விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். என் கோட்டின்மேல் பெண்கள் பெரிய மாக்கோலம் போட்டுவிட்டார்கள். கோட்டைக் காணோம்.

பூஜைக்கு ஃபிட்டர்கள் அவரவர் ஸ்பேனரையும் சுத்தியலையும் துடைத்துத் தாம்பாளத்தில் வைத்தார்கள். விமானத்தின் பங்காக எதை வைப்பது? என் வீட்டுக்காரர்தான் யோசித்து, உள்ளே இருந்த பித்தளைச் சுவிட்சைக் கழற்றிக்கொண்டு வந்தார். புளி போட்டுத் தேய்த்து, பொன்னாக மின்ன வைத்து, பொட்டு வைத்துத் தட்டின் நடுவில் வைத்தார்.

"இதான் இதுக்கு உசுரு. இது சாமிகிட்ட இருக்கணும்" என்றார். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் எல்லோர் வீட்டிலும் வழக்கம்.

சுவிட்ச் தட்டில் இருக்கிறதைப் பார்த்ததும் எனக்கு என்ன நிம்மதி என்கிறீர்கள்! உயிரைப் பிடுங்கித் தட்டில் வைத்தாகிவிட்டது, இனி இந்தச் சனியன் எப்படி ஓடும்? அந்தக் கொட்டகையில் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயமில்லாமல் சிரித்துப் பேசினேன். சுண்டல் கிண்டினேன். பொரியில் நாட்டுச் சர்க்கரை கலந்து பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்தேன்.

தீபாராதனை முடிந்தது, பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. கேமரா வைத்திருந்த கூட்டாளி எல்லோரையும் விமானத்துக்கு முன்னால் நிற்கச் சொன்னார். விசிறி சாய்வாக நிற்கிறது, நேராக நின்றால் படம் அழகாக இருக்கும் என்றார். பாப்பா சாமந்திச் சரத்தை விசிறி நுனியில் கட்டுவேன் என்று அடம்பிடித்தாள். என் வீட்டுக்காரர் அவளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார்.

நான் அப்போது விமானத்தின் பக்கவாட்டில் நின்று, விட்டுப்போன இடத்தில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். தற்செயலாக உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவிட்ச் இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டையிலிருந்து கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

பாய் குரல் என் காதுக்குள் கேட்டது. கம்பி அறுந்து தொங்கிக்கிட்டிருந்துச்சு.

எனக்கு இஞ்சின் தெரியாது. கரண்ட் தெரியாது. கம்பி போனால் ஓடாது என்று ஐந்து ஃபிட்டர்கள் சொல்கிறார்கள், கம்பி போன விமானம்தான் பையனை அடித்தது என்று ஒரு தையல்காரர் சொல்கிறார். யாரை நம்புவது? என் வீட்டுக்காரர் சொன்னது நியாயம். பாய் சொன்னது நடந்தது. இந்த இரண்டும் என் மண்டைக்குள் முட்டிக்கொண்டு நிற்க, முன்பக்கம் அவர் குரல் கேட்டது.

"கட்டிட்டியா பாப்பா? அப்டியே கெட்டியா புடிச்சிக்கோ. நைனா கீழ இஸ்து வுடறேன், நீயும் கூட இஸ்து வுடு."

"ஐயோ! கொன்னுறாதீங்க, எம்புள்ளையக் கொன்னுறாதீங்க!"

நான்தான் கத்தினேன். நல்ல நாளும் அதுவுமாக, சாமி படத்துக்கு முன்னால், கற்பூரம் இன்னும் அணையவில்லை. கையிலிருந்த குங்குமக் கிண்ணம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஓடிப்போய்ப் பாப்பாவின் காலைப் பிடித்து இழுத்தேன். அவள் பூச்சரத்தை விடமாட்டேன் என்று வீறிட்டாள். தரதரவென்று இறக்கி, இடுப்பில் அள்ளிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு அம்மா, "என்ன வார்த்தை இது, வாயில வசம்பை வச்சுத் தேய்க்க" என்று முணுமுணுத்தது கேட்டது. என் வீட்டுக்காரர் முகம் சிவந்துவிட்டது. மேலதிகாரி குடும்பம்கூட வந்திருந்தது.

"இன்னாமே, பைத்தியம் புடிச்சிக்கிச்சா உனக்கு?"

"கம்பி தொங்குதுங்க. பாய் சொன்னாருல்ல, அதே மாதிரி தொங்குது. வந்துருங்க, தள்ளி வந்துருங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்."

"அதோ பாரு, சுவிட்சு தட்டுல கீது! இது செத்த பொணம்மே. இப்ப இஸ்துக் காட்டறேன், எல்லாரும் பாருங்க!"

வேண்டாங்க என்று நான் சொன்னது பாதியில் நின்றது. அவர் விசிறியைப் பிடித்து, கிணற்றில் வாளிக் கயிற்றை இழுக்கிற மாதிரி அலட்சியமாகக் கீழே இழுத்தார்.

ஒரு வெடிச்சத்தம். விசிறியைக் காணோம். அது இருந்த இடத்தில் வெறும் மங்கலான வட்டம். சாமந்திப் பூ துண்டு துண்டாக எங்கள் எல்லோர் முகத்திலும் வந்து அடித்தது. நான் பாப்பாவின் முகத்தை முந்தானைக்குள் அமுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். யாரோ அம்மா என்று அலறினார்கள், அது அவர் குரல்தான் என்று உடனே புரியவில்லை. பெட்ரோல் குழாய் மூடியிருந்ததால் இஞ்சின் சற்று ஓடி, இருமி, தானாக நின்றது. அதற்குள் சுற்றி வந்த கட்டை அவர் வலது முன்கையில் இறங்கியிருந்தது. அந்த அடியிலேயே தூக்கிப் பக்கவாட்டில் எறிந்திருந்தது அவரை. அதனால்தான் தலை தப்பியது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். கை இருக்கும், ஆனால் பழையபடி வேலைக்கு ஆகுமா என்று பிறகுதான் தெரியும் என்றார் டாக்டர். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். புடவையிலிருந்து சாமந்தி இதழ்களை எடுத்து எடுத்துப் போட்டேன்.

கோயம்புத்தூருக்குக் கூட்டாளிகள் டிரங்க் கால் போட்டுப் பேசினார்கள். அந்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டாராம். அந்த இஞ்சினுக்கு வெளியிலிருந்து கரண்ட் தேவையே இல்லை, சுற்றினால் தானே பொறியை உண்டாக்கிக்கொள்ளும். சுவிட்சின் வேலை பொறியைக் கொடுப்பதல்ல, அதைக் கம்பி வழியாக இறக்கி அணைப்பது. கம்பி போனால் அணைக்க ஆளில்லை. நம் ஸ்கூட்டரிலும் இதே கதைதானே என்று அவர் கேட்டாராம். எங்கள் ஆட்கள் எல்லோரும் வாரம் முழுக்கப் பொறியே தேவைப்படாத டீசல் இஞ்சின், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள். ஸ்கூட்டர் வைத்திருந்த ஒருவரும் அதை உதைத்து ஓட்டினாரே தவிர, திறந்து பார்த்ததில்லை.

அது எல்லோருக்கும் விளங்கிய பிறகும் குவார்ட்டர்ஸில் பேச்சு வேறாக இருந்தது. குழாயடியில் என்னைக் கண்டதும் பேச்சு நிற்கும். நான் கத்தியதால்தான் அப்படி ஆனது என்றார்கள். பூஜை நேரத்தில் அமங்கல வார்த்தை சொன்னால் தேவதை அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிடுமாம். சிரிக்காதீர்கள், எனக்கே அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. நான் சும்மா இருந்திருந்தால் அவர் ரோஷப்பட்டு இழுத்திருக்கமாட்டாரோ? வாய்விட்டுக் கேட்கப் பயமாக இருந்தது. அவரும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாவுக்கட்டுக் கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஊர் சொல்வதைத்தான் அவரும் நினைக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அந்த நாட்களில் சாப்பாடு இறங்கவில்லை.

அம்பத்தூரிலிருந்து அவருடைய அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தாள். தம்பி கையைத் தடவித் தடவி அழுதாள். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே ஆரம்பித்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா, கொன்னுறாதீங்கன்னு ஒருத்தி கத்துவாளா? இவ வாயி பலிச்சிச்சு பாரு. எந்தம்பி கை போச்சே!"

டம்ளரை எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விடலாம் என்று திரும்பினேன்.

"அக்கா" என்றார் அவர். எத்தனையோ நாள் கழித்து அந்தக் குரலைச் சத்தமாகக் கேட்டேன். "அவ கத்துனப்ப என் கை ஏற்கெனவே விசிறி மேல கீது. பாப்பா என் தோள் மேல கீறா. அவ தலை அந்தக் கட்டைக்கு நேரா கீது."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அவ கத்தலேன்னா, பாப்பாவை வச்சிகினே இஸ்துருப்பேன்க்கா."

பாப்பா வாசலில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்து போய் அவளை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சிலேட்டு கீழே விழுந்து உடைந்துபோனது என்று பாப்பா அழ ஆரம்பித்தாள், அவளோடு சேர்ந்து நாங்கள் மூன்று பேரும் அழுதோம்.